இலவசம் என்பது உரிமம் அல்ல

கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. இதை நான் சொல்லவில்லை, சட்டம் சொல்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நாவலையும் கதையையும் கட்டுரையையும் சேர்க்கும் அதே 'இலக்கியப் படைப்பு' என்ற பட்டியலில்தான் கணினி நிரலையும் சேர்த்திருக்கிறது. சிங்கப்பூரிலும் அப்படித்தான். உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமும் தன் 10ஆவது பிரிவில் நிரல்களை இலக்கியப் படைப்புகளாகவே காக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஓர் இலக்கிய இதழில் மென்பொருள் ஆவணத்தைப் பற்றி எழுதுவதற்காக நான் யாரிடமும் தனியாக அனுமதி கேட்கப் போவதில்லை. இங்கே எழுதுகிறவர்களுக்கும் நிரல் எழுதுகிறவர்களுக்கும் ஒரே சட்டம், ஒரே நோய்.

நோய் இதுதான். தமிழில் திறமூலம், கட்டற்ற மென்பொருள் என்ற பெயரில் வெளிவரும் எழுத்துரு, விசைப்பலகை, சொற்பட்டியல், பிழைதிருத்தி, அகராதிச் செயலி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு அதன் ஆவணத்தைத் திறந்து பாருங்கள். எப்படி நிறுவுவது என்று இருக்கும். எந்த விண்டோஸில் ஓடும் என்று இருக்கும். உருவாக்கியவரின் புகைப்படம் இருக்கலாம். அன்னைத் தமிழுக்குச் சமர்ப்பணம் என்று நிச்சயம் இருக்கும். 'முற்றிலும் இலவசம், அனைவரும் பயன்படுத்தலாம்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். எந்த உரிமத்தின் கீழ் இது தரப்படுகிறது என்ற ஒரு வரி மட்டும் பலவற்றில் இருக்காது.

அந்த ஒரு வரி இல்லாத மென்பொருள் திறமூலம் அல்ல. மூல நிரலைக் கண்ணுக்குக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பலகாரத்தைப் பார்க்கலாம், எடுக்க முடியாது என்பது போன்ற நிலை.

இதைச் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. "இலவசம்னு போட்டிருக்காருல்ல, அப்புறம் என்னா?" என்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாக யோசிப்போம். பெர்ன் உடன்படிக்கையின்படி ஒரு படைப்புக்குப் பதிப்புரிமை தானாகவே பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டாம், சி எழுத்தை வட்டத்துக்குள் போட வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். மலேசியா இந்த உடன்படிக்கையில் 1990இல் சேர்ந்தது, சிங்கப்பூர் 1998இல். அதாவது நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் சட்டம் உங்கள் சார்பில் பேசும். அது பேசும் வார்த்தை 'எல்லா உரிமையும் ஆசிரியருக்கே'. உங்கள் மனதில் எவ்வளவு பெரிய வள்ளல் குடியிருந்தாலும், நீங்கள் வாய் திறக்காதவரை சட்டத்துக்கு நீங்கள் கஞ்சன்தான்.

'இலவசம்' என்ற சொல் விலையைப் பற்றிப் பேசுகிறது. நகலெடுக்கலாமா, திருத்தலாமா, திருத்தியதை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா, விற்கும் பொருளோடு சேர்க்கலாமா என்ற எந்தக் கேள்விக்கும் அதில் பதில் இல்லை. 'அனைவரும் பயன்படுத்தலாம்' என்பதும் பயன்படுத்துவதற்கு மட்டுமே அனுமதி. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் 40 ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று மொழியே பிரித்துக் கொடுத்திருக்கிறது. அப்படியும் நாம் போய் மறுபடி குழப்பிக்கொள்கிறோம் என்றால் அது அறியாமையல்ல, அலட்சியம்.

அலட்சியத்தின் விலை என்ன? எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பிழைப்புக்கு மென்பொருள் ஆவணங்கள் எழுதுகிறவன் நான். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான ஒரு சிறிய எழுத்துப் பயிற்சிச் செயலிக்கு நல்ல தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. தேடியதில் அருமையான பட்டியல் கிடைத்தது. யாரோ பல ஆண்டுகள் உட்கார்ந்து தொகுத்த உழைப்பு அது என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆவணத்தில் 'இலவசம்' என்று மட்டும் இருந்தது. உரிமம் என்னவென்று கேட்டு மின்னஞ்சல் எழுதினேன். பதில் இல்லை. மூன்று மாதம் கழித்து மீண்டும் எழுதினேன். முகவரியே செத்துப் போயிருந்தது. தொகுத்தவர் இருக்கிறாரா, இல்லையா, வேறு வேலைக்குப் போய்விட்டாரா, தெரியாது. நாங்கள் பட்டியலை முதலிலிருந்து தொகுக்க ஆரம்பித்தோம். ஏற்கெனவே ஒருவர் செய்து முடித்த வேலையை இன்னொரு முறை, அவரைவிட மோசமாக, மூன்று பேர் உட்கார்ந்து செய்தோம். அவர் விரும்பியிருந்தால் ஒரே ஒரு வரியால் எங்கள் எட்டு மாத உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கலாம். அதைவிட முக்கியம், அவருடைய பெயர் அந்தச் செயலியில் இருந்திருக்கும்.

"எடுத்துப் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதானே, யார் கேஸ் போடப் போறாங்க?" என்று அப்போதும் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வியில்தான் நம் எழுத்துலகத்தின் மொத்த ஒழுக்கமும் அடங்கியிருக்கிறது. அடுத்தவர் கவிதையைப் பெயர் வெட்டிப் புலனத்தில் பகிர்வதும், முழு நாவலையும் பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விடுவதும், ஆண்டு மலருக்குக் கட்டுரையைக் கேட்காமல் எடுப்பதும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு செய்வதுதான். யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்பது அனுமதி அல்ல. பள்ளிக்கோ நூலகத்துக்கோ ஒரு மென்பொருளை அதிகாரபூர்வமாகக் கொடுக்கப் போகும்போது 'இதில் உள்ளவற்றின் உரிமம் என்ன?' என்று எழுத்தில் கேட்பார்கள். 'யாரும் கேட்க மாட்டாங்க சார்' என்று படிவத்தில் நிரப்ப முடியாது. ஆக, உரிமம் எழுதாததால் திருடனுக்கு ஒரு நட்டமும் இல்லை. அவன் எப்படியும் எடுப்பான். நேர்மையாகக் கேட்டு எடுக்க நினைக்கிறவன்தான் வாசலிலேயே நிற்கிறான். நம் மௌனம் நல்லவனை மட்டும் தண்டிக்கிறது.

இன்னும் கொடுமையான கணக்கு ஒன்று இருக்கிறது. 2005இல் ஒருவர் தன் 35ஆவது வயதில் ஓர் எழுத்துருவை உரிமம் குறிப்பிடாமல் வெளியிடுகிறார். 75 வயதில், 2045இல் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் இறந்தபின் பதிப்புரிமை மலேசியாவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு, சிங்கப்பூரில் 70 ஆண்டு நீடிக்கும். அதாவது அந்த எழுத்துருவில் ஒரு புள்ளி தவறான இடத்தில் இருந்தால், அவருடைய வாரிசுகளைத் தேடிப் பிடிக்காமல் அதைத் திருத்தி வெளியிட, கோலாலம்பூர்க்காரர் 2095 முடியும்வரையும், சென்னைக்காரர் 2105 முடியும்வரையும், சிங்கப்பூர்க்காரர் 2115 முடியும்வரையும் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தக் கோப்பைத் திறக்கும் கணினி இருக்குமா? 'தமிழ் வாழ்க' என்று எழுதிய கையே தன் தமிழ்ப் பணிக்கு நூறாண்டுப் பூட்டையும் போட்டுவிட்டுப் போகிறது. வாரிசுகளைக் கேட்கலாமே என்பீர்கள். அப்பா கணினியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே தெரியாத பிள்ளைகளிடம் என்னவென்று கேட்பது?

இரண்டாவது கட்சி ஒன்று உண்டு. "கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டாச்சு, அது போதாதா?" போதாது. கிட்ஹப்பின் விதிமுறைப்படி, பொதுவில் வைத்த களஞ்சியத்தை மற்றவர்கள் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள்ளேயே கிளை பிரிக்கலாம். அதற்கு மேல் ஏதும் செய்ய உரிமம் வேண்டும். பொது இடத்தில் நிறுத்தியிருக்கும் கார் பொதுக் கார் ஆகிவிடாது.

மூன்றாவது கட்சிக்காரர்கள் கொஞ்சம் படித்தவர்கள். "உரிமக் கோப்பு தனியா இருக்கு. ஆவணத்திலயும் எதுக்கு மறுபடி?" என்பார்கள். இவர்களோடுதான் எனக்கு உண்மையான சண்டை. ஏனென்றால் இவர்கள் பாதி வழி வந்துவிட்டு அங்கேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள்.

ஆவணத்தை யார் படிக்கிறார்கள்? நிரலர் மட்டும் அல்ல. ஆசிரியர் படிக்கிறார், நூலகர் படிக்கிறார், அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவர் படிக்கிறார். அவர்கள் மூல நிரல் களஞ்சியத்துக்குள் நுழைந்து, நூறு கோப்புகளுக்கு நடுவே ஆங்கிலப் பெயரில் இருக்கும் ஒரு கோப்பைத் தேடித் திறக்கப் போவதில்லை. தவிர, ஆவணம் களஞ்சியத்தோடு ஒட்டிக்கொண்டு இருப்பதும் இல்லை. அதைப் பிடிஎஃப் ஆக்குகிறார்கள், பட்டறையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள். மென்பொருளே நிறுவல் கோப்பாக மாறி, மூல நிரலை விட்டுப் பிரிந்து ஊர் சுற்றுகிறது. எங்கே போனாலும் கூடவே போக வேண்டியது அந்த வரி.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. உரிமங்களே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பிஎஸ்டி உரிமத்தின் இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள். நிரலை இயங்கு வடிவில் மட்டும் கொடுத்தால், பதிப்புரிமைக் குறிப்பையும் நிபந்தனைகளையும் பொறுப்புத் துறப்பையும் கூடவே தரும் ஆவணத்திலோ வேறு பொருளிலோ மறுபடி அச்சிட வேண்டும் என்கிறது. 'ஆவணம்' என்ற சொல்லே உரிமத்துக்குள் இருக்கிறது. எம்ஐடி உரிமம் ஏறக்குறைய 170 சொற்கள்தான். அது கேட்பது ஒன்றே ஒன்று: பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் எல்லா நகலிலும் இருக்க வேண்டும். 2004இல் வந்த அப்பாச்சி 2.0, அறிவிப்புக் கோப்பு ஒன்று இருந்தால் அதன் வாசகம் வழித்தோன்றலின் ஆவணத்திலோ திரையிலோ தொடர வேண்டும் என்கிறது. ஜிபிஎல் உரிமத்தின் பின்னிணைப்பு ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் குறிப்பு வைக்கச் சொல்கிறது. எழுத்துருக்களுக்கான எஸ்ஐஎல் ஓஎஃப்எல் உரிமமும் தனி உரைக் கோப்பிலோ, எழுத்துருவுக்குள் பயனர் எளிதாகப் பார்க்கக்கூடிய தகவல் புலத்திலோ குறிப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஓப்பன்டைப் எழுத்துருவின் பெயர் அட்டவணையில் 13ஆம் எண் உரிம விளக்கத்துக்கு, 14ஆம் எண் உரிம முகவரிக்கு என்று இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். புலனத்தில் அனாதையாக வந்து விழும் எழுத்துருக் கோப்பைத் திறந்து அந்த இரண்டு புலத்தையும் பாருங்கள். பலவற்றில் காலியாக இருக்கும். இடம் இருந்தும் எழுதவில்லை.

லினக்ஸ் கருவத்திலேயே இந்தக் குறை இருந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகளில் உரிமக் குறிப்பே இல்லை. களஞ்சியத்தின் தலையில் உரிமம் இருக்கிறதே என்று அவர்கள் விட்டுவிடவில்லை. 2017இல் வந்த 4.14 பதிப்பில் உட்கார்ந்து கோப்பு கோப்பாக ஒற்றை வரிக் குறியீட்டைச் சேர்த்தார்கள். எஸ்பிடிஎக்ஸ் என்ற அந்தக் குறியீட்டு முறை 2021இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது. உலகின் மிகப் பெரிய திறமூலத் திட்டத்துக்கு இருந்த பொறுமை நம் 12 கோப்புத் திட்டத்துக்கு இல்லை.

இந்தக் குறிப்புக்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கு. அமெரிக்காவில் மாதிரி இரயில் ஓட்டும் பொழுதுபோக்காளர்கள் சேர்ந்து ஜேஎம்ஆர்ஐ என்ற திறமூல மென்பொருளை எழுதினார்கள். ஆர்ட்டிஸ்டிக் உரிமம். வணிக நிறுவனம் நடத்திய ஒருவர் அதிலிருந்து கோப்புகளை எடுத்துத் தன் பொருளில் சேர்த்துக்கொண்டார். எடுத்தவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பதுதான் வழக்கு: எழுதியவர்களின் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, உரிமக் கோப்பைச் சுட்டும் வரி, மூலம் எங்கே இருக்கிறது என்ற தகவல், எதை மாற்றினோம் என்ற விவரம். ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்ற இந்த வழக்கில் கீழ் நீதிமன்றம், இது வெறும் ஒப்பந்த மீறல்தான் என்பதுபோலப் பார்த்துத் தடையாணை தர மறுத்தது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளி, இவை உரிமத்தின் நிபந்தனைகள், மீறினால் பதிப்புரிமை மீறலாகும் என்று சொன்னது. காசு வாங்காமல் கொடுத்தவனுக்கும் இழக்க ஏதோ இருக்கிறது என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் இது. கவனிக்க வேண்டியது, அந்தக் கோப்புகள் பதிப்புரிமைக் குறிப்போடும், உரிமம் எங்கே இருக்கிறது என்று சுட்டும் வரியோடும் வெளிவந்திருந்தன. அந்த வரிகளை எழுதியிருக்காவிட்டால் எதை வெட்டிவிட்டார் என்று புகார் சொல்வது?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்ற நான்காவது கட்சியும் இருக்கிறது. தமிழின் மரபு தெரியாதவர்கள் மட்டும்தான் இப்படிப் பேச முடியும். நூலின் முகப்பில் பாயிரம் வைத்தவர்கள் நாம். அதில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் பட்டியல் போட்டிருக்கிறது. செய்தவர் பெயர், நூலின் பெயர், எந்த எல்லைக்குள் வழங்குவது, பேசும் பொருள், யார் கேட்கத் தகுந்தவர், என்ன பயன். இந்தப் பட்டியலில் 'வழி' என்று ஒன்றும் உண்டு. இது எதன் வழியில் வந்தது, முதல் நூலா, வழி நூலா, சார்பு நூலா என்று சொல்ல வேண்டும். இன்று வழித்தோன்றல் படைப்பு, மூலத்தைச் சுட்டுதல் என்று உரிமங்கள் எதைக் கேட்கின்றனவோ அதை நம் ஆள் பல நூற்றாண்டுக்கு முன்பே முகப்பில் எழுதச் சொல்லிவிட்டான். பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்ற அளவுக்குக் கறாராக இருந்தார்கள். உ.வே. சாமிநாதையர் தன் பதிப்புகளின் முகவுரையில் எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று பட்டியலிட்டதும் அதே ஒழுக்கத்தின் தொடர்ச்சிதான். நாம் பாயிரத்தை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினோம். ரீட்மீ எழுதும்போது மறந்துவிட்டோம்.

மறக்காதவர்களும் இருக்கிறார்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் எந்த மின்னூலையும் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று நன்றி இருக்கும். இந்தத் தலைப்புப் பக்கத்தை அப்படியே வைத்திருக்கும்வரை இக்கோப்பைத் தாராளமாகப் பகிரலாம் என்ற அனுமதி இருக்கும். அனுமதியும் நிபந்தனையும் நன்றியும் ஒரே பக்கத்தில், கோப்புக்குள்ளேயே. தனிக் கோப்பில் அல்ல. கிரியேட்டிவ் காமன்ஸ் 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிடுவதற்கு நான்கு ஆண்டுக்கு முன்பே தன்னார்வலர்கள் செய்த காரியம் இது. அதற்கு நாம் செய்த மரியாதை என்ன? எத்தனை வலைப்பூக்களில், எத்தனை செயலிகளில், எத்தனை 'இலக்கியக் களஞ்சியங்களில்' அந்த உரைகள் தலை வெட்டப்பட்டுக் கிடக்கின்றன! இரவு கண் விழித்து ஒரு புராணத்தைத் தட்டச்சு செய்தவருக்குக் கிடைத்த ஒரே கூலி அந்த ஒரு வரிப் பெயர். அதையும் வெட்டிவிட்டுத்தான் நாம் தமிழ்த்தொண்டு செய்கிறோம்.

ஆவணத்தில் மென்பொருளின் உரிமத்தைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, ஆவணத்துக்கே ஓர் உரிமம் வேண்டும் என்பது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நிரலுக்கு ஜிபிஎல் போட்டுவிட்டால் பயனர் கையேட்டையும் மொழிபெயர்க்கலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். அவசியம் இல்லை. குனூ திட்டமே தன் கையேடுகளுக்கு 2000இல் ஜிஎஃப்டிஎல் என்ற தனி உரிமத்தை உருவாக்கியது. அதில் சில பகுதிகளை மாற்றவே கூடாது என்று பூட்டும் வசதி உண்டு. டெபியன் குழுவினர் 2006இல் வாக்கெடுத்து, மாற்ற முடியாத பகுதியுள்ள கையேடு கட்டற்றது அல்ல என்று முடிவு செய்தார்கள். விளைவு, ஈமாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் கையேடு கட்டற்றவை அல்லாத பிரிவுக்குப் போனது. நிரல் ஒரு வீட்டில், அதன் கையேடு இன்னொரு வீட்டில். கட்டற்ற மென்பொருளுக்காக வாழ்க்கையையே கொடுத்தவர்களுக்குள்ளேயே இவ்வளவு பெரிய சண்டை வருமென்றால், எதையும் எழுதாமல் விட்ட நம் கையேடுகளின் கதி என்ன?

கையேட்டுக்குள் இருக்கும் மாதிரி நிரல் துண்டுகள் மூன்றாவது சிக்கல். படிப்பவர் அதை அப்படியே நகலெடுத்துத் தன் நிரலில் ஒட்டுவார், அதற்காகத்தான் அதை வைக்கிறோம். அதன் உரிமம் என்ன? கூகுளின் நிரலர் ஆவணங்களில் பக்கத்தின் அடியிலேயே சொல்லிவிடுகிறார்கள்: உரை கிரியேட்டிவ் காமன்ஸ், நிரல் துண்டுகள் அப்பாச்சி 2.0. பைத்தான் தன் ஆவணத்திலுள்ள எடுத்துக்காட்டுகளை 3.8.6 பதிப்பு முதல் பெயரைக்கூடக் குறிப்பிடத் தேவையில்லாத பிஎஸ்டி வகை ஒன்றின் கீழும் கொடுத்துவிட்டது. பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் இருக்கிறார், அதனால் செய்கிறார்கள் என்று சாக்குச் சொல்லலாம். இரண்டு வரி எழுத வழக்கறிஞர் எதற்கு?

உரிமம் எழுத உட்காரும் சிலர் வேறு விதமாகச் சொதப்புகிறார்கள். 'கல்விக்கு மட்டும்', 'வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது' என்று சொந்தமாக ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டு மேலே 'திறமூலம்' என்று பலகை மாட்டுகிறார்கள். எந்தத் துறையில் பயன்படுத்துவது என்பதில் பாகுபாடு காட்டினால் அது திறமூலம் ஆகாது என்பது ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவின் வரையறையிலேயே இருக்கிறது. வரையறையை விடுங்கள். அந்த நிபந்தனையால் அடி வாங்குவது யார்? பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய எழுத்துருவைக் காசு கொடுத்துச் செய்துகொள்வார்கள். கிள்ளானில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சிறிய அச்சகக்காரர்தான் அந்த எழுத்துருவைத் தொட முடியாது. நல்ல உள்ளத்தோடு எழுதும் நிபந்தனையும் ஆபத்துதான். ஜேசன் மென்பொருளோடு வந்த உரிமத்தில், இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்று ஒரு வரி இருந்தது. கேட்க இனிமையாக இருக்கிறது. எது தீமை என்று யார் தீர்ப்பது? அந்த ஒரு வரிக்காகவே டெபியன் அதை ஏற்கவில்லை, அப்பாச்சி அறக்கட்டளையும் 2016இல் தன் திட்டங்களில் இனி கூடாது என்றது. நாளைக்கு நம்மில் ஒருவர் 'தமிழ்ப் பற்றுள்ளோர் மட்டும் பயன்படுத்தலாம்' என்று எழுதினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். உரிமத்தைச் சொந்தமாக எழுதாதீர்கள். இருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்ந்தெடுத்ததை முழுப் பெயரோடும் எண்ணோடும் எழுதுங்கள். 'ஜிபிஎல்' என்று மட்டும் எழுதினால் எது? 1991இல் வந்த இரண்டாம் பதிப்பா, 2007இல் வந்த மூன்றாம் பதிப்பா? 'இரண்டு மட்டும்' என்பதும் 'இரண்டு அல்லது அதற்குப் பிந்தியது' என்பதும் ஒன்றல்ல. இரண்டு மட்டும் என்று வெளிவந்த நிரலை மூன்றாம் பதிப்பு நிரலோடு கலக்க முடியாது. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்று மட்டும் எழுதுவதும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதும் உண்டு, ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற விடாததும் உண்டு. எந்தப் பதிப்பிலிருந்து இந்த உரிமம் என்பதையும் சொல்லுங்கள். கூகுளின் நோட்டோ எழுத்துருக்கள் முதலில் அப்பாச்சியில் இருந்தன, 2015இல் ஓஎஃப்எல் ஆயின. ரெட் ஹேட்டின் லோஹித் ஜிபிஎல்லில் தொடங்கி 2011இல் ஓஎஃப்எல்லுக்கு மாறியது. உங்கள் கணினியில் இருப்பது எந்த ஆண்டுக் கோப்பு என்று ஆவணம் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

"ஐயாயிரம் சொல் ஆங்கிலச் சட்டத்தை எங்க போயி தமிழில எழுதுறது?" என்று கேட்பீர்கள். எழுத வேண்டாம். சட்ட வாசகம் ஆங்கிலத்திலேயே கிடக்கட்டும். படிப்பவருக்கு எளிய தமிழில் இப்படி எழுதினால் போதும்: 'இம்மென்பொருள் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் கீழ் வெளியிடப்படுகிறது. நீங்கள் இதைப் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். திருத்தியதைப் பிறருக்குத் தந்தால் அதே உரிமத்தில், மூல நிரலோடு தாருங்கள். பதிப்புரிமை இன்னாருடையது, இந்த ஆண்டு. இந்தக் கையேடு இந்த உரிமத்தில் உள்ளது. இன்னின்ன பகுதிகள் பிறரிடமிருந்து பெற்றவை, அவற்றின் உரிமம் இது. இது விளக்கம் மட்டுமே, ஆங்கில மூலமே செல்லும். அது இந்த இடத்தில் இருக்கிறது.' பத்து வரி. தமிழ்த்தாய்க்குச் சமர்ப்பணம் எழுத எடுத்துக்கொள்ளும் நேரம்கூட ஆகாது. சமர்ப்பணத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதற்குக் கீழே இதை எழுதுங்கள் என்கிறேன்.

கடைசியாக, இந்த மென்பொருள்களுக்கு விழா எடுப்பவர்களுக்கும் மானியம் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் மாலை போடுவதற்கு முன்னால் ஆவணத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். உரிமம் எழுதியிருந்தால் மாலையைப் போடுங்கள். எழுதவில்லை என்றால் எழுதச் சொல்லிவிட்டுப் போடுங்கள். பொதுப் பணத்தில் உருவாகும் எந்தத் தமிழ் மென்பொருளுக்கும் இது முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். செய்தவர் உயிரோடு, மின்னஞ்சல் பார்க்கிறவராக, இன்னும் ஆர்வத்தோடு இருக்கும்போதுதான் இதைக் கேட்டு வாங்க முடியும். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஏதாவது செய்து வைத்திருந்தால் இன்று இரவே கூப்பிட்டுக் கேளுங்கள்: "அண்ணே, அதுக்கு என்னா லைசன்ஸ்?" அவர் 'இலவசம்தான் தம்பி' என்று சொன்னால் விடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.